சத்தம் எங்கே நின்றது? லினக்ஸ் கணினியில் ஒலி மக்கர் செய்தால்

நேற்று ராத்திரி வரை பாடிக்கொண்டிருந்த கணினி காலையில் ஊமையாகிவிடும். வால்யூம் பட்டை ஏறுகிறது, இறங்குகிறது, ஸ்பீக்கர் மட்டும் வாயைத் திறப்பதில்லை. இந்த நேரத்தில் கை பரபரக்கும். எங்கேயோ பார்த்த பத்துக் கட்டளைகளை வரிசையாக டெர்மினலில் ஒட்டுவோம். அதுவும் பலிக்காவிட்டால் ஒலி சம்பந்தமான பேக்கேஜ்களைக் கழற்றி மறுபடி போடுவோம். அப்படிக் கழற்றும்போது டெஸ்க்டாப்பின் பாதியையும் சேர்த்துக் கழற்றி எடுத்துவிட்டு, கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. சத்தம் எந்த மாடியில் நின்றது என்று தெரியும்வரை எதையும் மாற்றுவதில்லை.

மாடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. லினக்ஸில் ஒலி மூன்று அடுக்காக இறங்கி வருகிறது. மேல்மாடியில் செயலிகள்: பிரவுசர், வீடியோ பிளேயர், கேம். நடுமாடியில் சவுண்ட் சர்வர். பல செயலிகளின் ஒலியை வாங்கிக் கலந்து, எந்தக் கருவிக்கு எது போக வேண்டும் என்று முடிவு செய்வது அதன் வேலை. கீழ்மாடியில் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ஆல்சா, அதாவது சவுண்ட் கார்டின் டிரைவர்.

நடுமாடியில் பல வருடம் குடியிருந்தது பல்ஸ்ஆடியோ. 2021-இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு அதை மாற்றி பைப்வயரை வைத்தது. இன்னொரு லினக்ஸ் பதிப்பான உபுண்டு 22.10-இல் அதே மாற்றம் வந்தது. பைப்வயர் 1.0 வெளியானது 2023 நவம்பரில். பைப்வயர் என்பது குழாய் மட்டும்தான். எந்தக் குழாயை எதோடு இணைப்பது என்று தீர்மானிப்பது வயர்பிளம்பர் என்ற தனி நிரல். பழைய செயலிகள் பல்ஸ்ஆடியோ பாஷையில்தான் பேசும் என்பதால், அவற்றுக்குப் பதில் சொல்ல பைப்வயர்-பல்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் ஓடுகிறது. இந்த மூன்றில் ஒன்று படுத்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பேரெழுத்து வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு கேள்விகள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் நான் முதலில் அடிப்பது «பிஏசிடிஎல் இன்ஃபோ». அதில் சர்வர் நேம் என்ற வரியைப் பாருங்கள். «பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர்...)» என்று வந்தால் உங்களிடம் ஓடுவது பைப்வயர். வெறும் பல்ஸ்ஆடியோ என்று மட்டும் வந்தால் பழைய சர்வர். இது தெரியாமல் தீர்வு தேடுவது, எந்த ஊர் பஸ் என்று பார்க்காமல் ஏறுவது மாதிரி. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதிய அமைப்புக் கோப்பை பைப்வயர் ஓடும் கணினியில் திருத்தித் திருத்தி ஒரு மாலைப் பொழுதையே தொலைக்கலாம். அது அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை.

இரண்டாவது, «டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்». ஆடியோ என்ற தலைப்பின் கீழ் டிவைசஸ், சிங்க்ஸ், சோர்சஸ், ஸ்ட்ரீம்ஸ் என்று ஒரு மரம் விரியும். சிங்க் என்றால் ஒலி போய்ச் சேரும் இடம், சோர்ஸ் என்றால் ஒலி வரும் இடம். சிங்க்குகளில் ஒன்றின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். அதுதான் இப்போதைய இயல்பு வெளியீடு. அதே வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் வால்யூம் எண். பக்கத்தில் மியூட்டட் என்று இருந்தால் வேலை முடிந்தது. சிரிக்க வேண்டாம், பாதிப் பேருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: «டம்மி அவுட்புட்» மட்டும்தான் தெரிகிறது

ஒலி அமைப்பைத் திறந்தால் ஸ்பீக்கர், எச்டிஎம்ஐ எதுவும் இல்லை. டம்மி அவுட்புட் என்று ஒரே ஒரு வரி. நல்ல சேதி என்னவென்றால், சர்வர் உயிரோடு இருக்கிறது. கொடுக்க ஒரு கருவியும் கிடைக்காததால் செயலிகள் தடுமாறாமலிருக்க ஒரு பொய்க் கருவியைக் காட்டுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது அதற்குக் கீழே.

«ஏப்ளே -எல்» அடியுங்கள். கெர்னலுக்குத் தெரிந்த சவுண்ட் கார்டுகளின் பட்டியல் வரும். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

பட்டியலில் கார்டு இல்லை என்றால் கோளாறு கீழ்மாடியில். சவுண்ட் சர்வரை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. «டிஎம்ஈஎஸ்ஜி» காட்டும் கெர்னல் பதிவில் எஸ்என்டி, எஸ்ஓஎஃப் என்ற சொற்களைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி கண்ணில் பட்டால், டிஎஸ்பி என்ற தனி ஒலிச் சில்லுப் பகுதி வழியாக ஒலியை நடத்தும் இன்டெல் சில்லு உங்களுடையது. அதற்குரிய எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் பேக்கேஜை நிறுவிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பதிவில் ஒலி பற்றி எதுவுமே இல்லையென்றால் பயாஸுக்குள் போய் ஆன்போர்டு ஆடியோ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் இது வந்திருந்தால், பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை, பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பட்டியலில் கார்டு இருக்கிறது, சர்வர்தான் பார்க்கவில்லை என்றால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, வேறு ஏதோ நிரல் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது. «ஃப்யூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*» என்று அடித்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு வரும். மற்றொன்று, வயர்பிளம்பர் படுத்துவிட்டது. பைப்வயர் ஓடிக்கொண்டே இருக்கும், கருவிகளைத் தேடிப் பிடித்துக் கொடுக்க ஆளிருக்காது. «சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ் வயர்பிளம்பர்» பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கார்டு இருக்கும், ஆனால் அதன் ப்ரொஃபைல் ஆஃப் என்று இருக்கும். பாவுகன்ட்ரோல் என்ற வால்யூம் நிரலை நிறுவித் திறந்து, கடைசியிலுள்ள கான்ஃபிகரேஷன் தாவலுக்குப் போனால் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கீழிறங்கும் பட்டியல் இருக்கும். அங்கே அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்புகளின் சொந்த ஒலி அமைப்புப் பக்கத்தில் இந்த ஆஃப் நிலை பெரும்பாலும் கண்ணுக்கே படாது, அதனால்தான் பாவுகன்ட்ரோலைக் கையோடு வைத்திருக்கச் சொல்கிறேன்.

அறிகுறி: எல்லாமே சரியாகக் காட்டுகிறது, சத்தம் மட்டும் இல்லை

ஆளைச் சுற்றவிடுவது இதுதான். பாட்டு ஓடுகிறது, பாவுகன்ட்ரோலில் பச்சைப் பட்டை துள்ளுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. பட்டை துள்ளுகிறது என்றால் மேல்மாடியிலிருந்து நடுமாடி வரை ஒலி வந்து சேர்ந்துவிட்டது. இனி இறங்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

எளியதிலிருந்து தொடங்குவோம். நட்சத்திரக் குறி எந்த சிங்க்கில் இருக்கிறது? எச்டிஎம்ஐ அல்லது டிஸ்பிளேபோர்ட் வழியாக மானிட்டர் இணைத்திருந்தால், அந்த மானிட்டரும் ஒரு ஒலிக் கருவி. அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் சிங்க்காக வந்து உட்கார்ந்துகொள்ளும். மானிட்டர் தூங்கி எழும்போது கருவி மறைந்து மறுபடி வரும், அந்தக் குழப்பத்தில் இயல்பு வெளியீடு அங்கே தாவிவிடுவதும் உண்டு. சிங்க் வரியின் தொடக்கத்திலுள்ள எண்ணைப் பார்த்து, உதாரணமாக அது 52 என்றால், «டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட் 52» என்று அடித்தால் திரும்பிவிடும். அந்த எண் நிலையானது அல்ல, சர்வர் மறுபடி தொடங்கினால் மாறும். ஸ்கிரிப்டில் எழுதி வைக்காதீர்கள்.

சரியான சிங்க்தான், அப்போதும் மௌனம் என்றால் ஆல்சாவின் கதவைத் தட்ட வேண்டும். «ஆல்சாமிக்சர்» என்று அடியுங்கள். திறந்ததும் ஒரே ஒரு பட்டை மட்டும் தெரியும். பலரும் இதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறதே என்று மூடிவிடுவார்கள். அது சவுண்ட் சர்வரின் நிழல். எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்போன், ஃப்ரன்ட், சரவுண்ட், சென்டர் என்று பட்டைகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு சுழி தெரிந்தால் திறந்திருக்கிறது. «எம்எம்» என்று தெரிந்தால் அடைத்திருக்கிறது. அம்புக்குறியால் அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் திறக்கும்.

இந்தத் திரையில் வலதுபக்கம் போய்க்கொண்டே இருந்தால் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒன்று வரும். எல்லாக் கார்டிலும் இருக்காது. அது ஒரு தடவை என்னை இரண்டு நாள் அலையவிட்டது. கணினியின் பின்பக்கப் பச்சைத் துளையில் ஸ்பீக்கர் செருகியிருந்தது. ஒரு நாள் திடீரென்று மௌனம். சிங்க் சரி, வால்யூம் சரி, ஆல்சாவில் ஒரு «எம்எம்» கூட இல்லை. புதிதாக ஓஎஸ் நிறுவினேன், அப்போதும் அதே கதை. கேபிளை மாற்றினேன், ஸ்பீக்கரைக் கைபேசியில் மாட்டிப் பார்த்தேன், அது நன்றாகப் பாடியது. கடைசியில் தற்செயலாகக் கேபினட்டின் முன்பக்க ஹெட்போன் துளையில் ஹெட்போனைச் செருகி உருவியபோது பின்பக்க ஸ்பீக்கர் ஒரு நொடி கத்திவிட்டு மறுபடி அடங்கியது. முன்பக்கத் துளைக்குள் இருக்கும் சின்ன உலோகத் தகடு வளைந்து, ஒன்றும் செருகாதபோதும் «ஹெட்போன் உள்ளே இருக்கிறது» என்று கார்டிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கார்டும் விசுவாசமாகப் பின்பக்கத்தை அடைத்துவிட்டது.

மேல் அம்புக்குறியைத் தட்டி அந்த ஆட்டோ-மியூட்டை டிஸேபிள்ட் ஆக்கினேன், பாட்டு வந்தது. பிறகு «சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்» போட்டு அந்த நிலையைச் சேமித்தேன். உங்கள் கணினியிலும் சந்தேகம் இருந்தால் பாவுகன்ட்ரோலின் அவுட்புட் டிவைசஸ் தாவலில் போர்ட் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதுவும் செருகாத துளை «பிளக்டு இன்» என்று காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இல்லையென்றால் சர்வரையே ஒதுக்கிவிட்டு நேராகக் கார்டிடம் பேசுங்கள்: «ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்எச்டபிள்யூ:0,0 -சி 2 -டி டபிள்யூஏவி». முதலில் வரும் டி பேரெழுத்து (D), கடைசி டி வேறு எழுத்து, அது சிற்றெழுத்து (t). 0,0 என்பது ஏப்ளே பட்டியலில் வந்த கார்டு எண்ணும் டிவைஸ் எண்ணும். ஒரு பெண் குரல் இடது, வலது என்று மாறி மாறிச் சொல்லும். அது கேட்டால் கார்டும் கம்பியும் நலம், கோளாறு நடுமாடியில். கேட்காவிட்டால் கீழே. கருவி பிஸி என்று பிழை வந்தால் ஒலி எழுப்பும் செயலிகளை மூடிவிட்டுப் பத்து நொடி கழித்து முயலுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு செயலியில் மட்டும் ஒலி இல்லை

மற்றவை எல்லாம் பாடும்போது ஒன்று மட்டும் ஊமை என்றால் கீழே இறங்கவே வேண்டாம். அந்தச் செயலியில் ஏதாவது ஒலிக்கவிட்டபடியே பாவுகன்ட்ரோலின் பிளேபேக் தாவலைத் திறங்கள். ஒலிக்கும் நேரத்தில் மட்டுமே அந்த வரி அங்கே இருக்கும், நிறுத்தியதும் மறைந்துவிடும். வரி இருந்தால் அதன் மியூட்டையும், அது எந்தக் கருவிக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். எப்போதோ ஒருநாள் அந்தச் செயலியை புளூடூத்துக்கோ எச்டிஎம்ஐக்கோ திருப்பியிருப்பீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், வயர்பிளம்பர் மறக்காது. வரியே வரவில்லை என்றால் செயலி சர்வரோடு பேசவில்லை, அதன் சொந்த அமைப்பில் வெளியீடு எதுவாக இருக்கிறது என்று தேடுங்கள்.

அறிகுறி: கரகரப்பு, விட்டுவிட்டு ஒலிப்பது

இதில் கணக்கு கொஞ்சம் உண்டு. சர்வர் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டாக அனுப்புகிறது. பைப்வயரில் ஒரு கட்டின் அளவுக்குக் குவான்டம் என்று பெயர். இயல்பாக நொடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்கள்), ஒரு கட்டுக்கு 1024. வகுத்துப் பார்த்தால் ஒரு கட்டு ஏறக்குறைய 21 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் அடுத்த கட்டு தயாராகாவிட்டால் இடையில் ஒரு ஓட்டை விழும். காதுக்கு அது «டக்» என்றோ கரகரவென்றோ கேட்கும். ஏதாவது ஒரு செயலி தாமதம் குறைய வேண்டும் என்று 256 கேட்டால், கட்டு 5 மில்லிநொடியாகச் சுருங்கும். அப்போது மூச்சு வாங்குவது இயல்பு.

«பிடபிள்யூ-டாப்» என்று அடித்து, கரகரப்பு வரும்வரை அந்தத் திரையையே பாருங்கள். கடைசிப் பக்கமுள்ள ஈஆர்ஆர் நெடுவரிசையில் எண் ஏறுகிறதா? எந்த வரியில் ஏறுகிறதோ அந்தச் செயலியோ கருவியோதான் பிந்துகிறது. குவான்ட் நெடுவரிசையில் 1024-ஐ விடச் சின்ன எண் இருந்தால் யார் அதைக் கேட்டது என்பதும் அங்கேயே தெரியும். சோதனைக்கு ஒரு வழி: «பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 க்ளாக்.ஃபோர்ஸ்-குவான்டம் 2048». கரகரப்பு நின்றுவிட்டால் காரணம் உறுதி. அதே கட்டளையை 2048-க்குப் பதில் 0 போட்டு அடித்தால் பழையபடி ஆகிவிடும். இது நிரந்தர மாற்றம் இல்லை என்பதால் தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

ஈஆர்ஆர் ஏறவே இல்லை, ஆனாலும் கரகரப்பு என்றால் சர்வரைத் திட்டாதீர்கள். வால்யூம் 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ஒலியின் முகடுகள் வெட்டுப்படும், அதுவும் கரகரப்பாகத்தான் கேட்கும். யுஎஸ்பி ஒலிக் கருவியாக இருந்தால் ஹப்பிலிருந்து பிடுங்கி நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் மட்டும் வருகிறது என்றால் அங்கே நேரம் தவறுவது சகஜம், பெரிய குவான்டம்தான் மருந்து.

அறிகுறி: பாட்டின் தொடக்கம் விழுங்கப்படுகிறது, அல்லது «டப்» என்று வெடிக்கிறது

கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு எதையாவது ஒலிக்கவிட்டால் முதல் அரை நொடி காணோம். அறிவிப்பு மணி மாதிரி குட்டி ஒலிகள் கேட்பதே இல்லை. ஐந்து நொடி வேலை இல்லாவிட்டால் வயர்பிளம்பர் கருவியைத் தூங்க வைக்கும், அது எழுந்திருக்கும் நேரம்தான் விழுங்கப்படுகிறது. வயர்பிளம்பர் அமைப்பில் அந்தக் கருவிக்கு «செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்» என்பதை 0 ஆக்கினால் தூங்காது. ஒரு எச்சரிக்கை: 2024-இல் வந்த வயர்பிளம்பர் 0.5-லிருந்து லுவா மொழி அமைப்புக் கோப்புகள் செல்லாது, கான்ஃப் கோப்புகள் மட்டுமே. பழைய குறிப்புகளில் லுவா என்று முடியும் கோப்பைப் பார்த்தால் உங்கள் பதிப்பைச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அப்படியும் «டப்» தொடர்ந்தால் கெர்னல் டிரைவரின் மின்சேமிப்பு. எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் மாட்யூலின் பவர்_சேவ் மதிப்பை 0 ஆக்குங்கள். மேஜைக் கணினியில் இதனால் மிச்சமாகும் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை.

அறிகுறி: மைக் வேலை செய்யவில்லை, அல்லது ஹெட்செட்டின் ஒலி கெட்டுவிட்டது

எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலுக்குப் பதில் நீங்கள் கேட்கும் பாட்டே கேட்கிறது என்றால், பதிவுக்கு மைக்குக்குப் பதில் மானிட்டர் தேர்வாகியிருக்கிறது. இங்கே மானிட்டர் என்பது திரை இல்லை. ஒவ்வொரு சிங்க்குக்கும் «அதில் போகும் ஒலியின் நகல்» என்று ஒரு சோர்ஸ் உண்டு, அதன் பெயர் அது. பாவுகன்ட்ரோலின் ரெக்கார்டிங் தாவலில் மாற்றிவிடுங்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருந்து, அழைப்பு வந்ததும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிறதா? கருவி கெட்டுவிடவில்லை. ஏ2டிபி என்ற முறையில் ஸ்டீரியோ ஒலி உண்டு, மைக் கிடையாது. எச்எஃப்பி முறையில் மைக் உண்டு, ஒலி மோனோ. ஒலியைச் சுருக்கும் முறையான கோடெக்கைப் பொறுத்து பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான். எந்தச் செயலியாவது மைக்கைத் திறந்ததும் வயர்பிளம்பர் தானாக இரண்டாவதுக்கு மாற்றும். என் வழி எளியது: ஹெட்செட்டில் கேட்பது, பேசுவதற்குத் தனி யுஎஸ்பி மைக்கை இயல்பு சோர்ஸாக வைத்துவிடுவது. சண்டையே இல்லை.

அறிகுறி: «கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு»

பிஏசிடிஎல் இப்படிச் சொன்னால் நடுமாடியில் ஆளில்லை, அல்லது நீங்கள் தவறான கதவைத் தட்டுகிறீர்கள். இரண்டாவதுதான் அதிகம். சவுண்ட் சர்வர் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஓடுவது. சூடோ போட்டு அடித்தால் ரூட் எனும் நிர்வாகிப் பயனரின் சர்வரைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. ஒலி சம்பந்தமான கட்டளைகளுக்கு சூடோ போடும் பழக்கத்தை விடுங்கள், மேலே சொன்ன ஆல்சாசிடிஎல் மாதிரி கார்டின் நிலையைச் சேமிப்பதற்குத் தவிர.

சொந்தப் பயனரிலும் இதே பிழை என்றால் «சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர்». எழுந்து மறுபடி விழுந்தால் «ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ பைப்வயர் -யூ வயர்பிளம்பர்» பதிவின் கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். நீங்கள் எழுதிய அமைப்புக் கோப்பில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் அங்கே வரி எண்ணோடு தெரியும். பழைய கணினியை அப்டேட் செய்து வந்தவர்களிடம் பல்ஸ்ஆடியோவும் பைப்வயர்-பல்ஸும் ஒரே கதவுக்கு அடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். «சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க் பல்ஸ்ஆடியோ.சாக்கெட் பல்ஸ்ஆடியோ.சர்வீஸ்» என்று பழையதை அடக்கிவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

அறிகுறி: சரி செய்கிறேன், மறுநாள் மறுபடி கெடுகிறது

வயர்பிளம்பர் தன் நினைவுகளை ஹோம் கோப்புறைக்குள் «.லோக்கல்/ஸ்டேட்/வயர்பிளம்பர்» என்ற இடத்தில் எழுதி வைக்கிறது: எது இயல்பு சிங்க், எந்தக் கார்டுக்கு எந்த ப்ரொஃபைல், எந்தச் செயலிக்கு எவ்வளவு வால்யூம். இதில் ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் பழைய தவறையே திரும்பக் கொண்டுவரும். வயர்பிளம்பரை நிறுத்திவிட்டு அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். மறுபடி தொடங்கினால் வெறும் சிலேட்டோடு ஆரம்பிக்கும். வால்யூம்களும் இயல்பு நிலைக்குப் போய்விடும் என்பதால் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன்.